எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். எந்த வண்டி வாங்கலாம், எது மைலேஜ் கொடுக்கும் என்ற கேள்விகள் பின்னுக்குப் போகும். "காலையில் சாவியைத் திருப்பினேன், டேஷ்போர்டில் உள்ள அத்தனை விளக்கும் எரிகிறது, என்ன செய்வது?" என்பது முன்னுக்கு வந்துவிடும். என்ஜின் படம், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி, பேட்டரி என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். கூடவே ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டின் தொகையும் இருக்கும். ஏபிஎஸ் யூனிட் ஒன்று, ஸ்டியரிங் மோட்டார் ஒன்று, சென்சார்கள் இரண்டு. படிக்கிற நமக்கே நெஞ்சு திக்கென்கிறது.

ஒரே ராத்திரியில் ஐந்து பாகங்கள் கெட்டுப்போகுமா? கெடாது. கிராமத்து வீட்டில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் சோர்ந்து சுற்றும், டியூப்லைட் சிமிட்டும், ஃபிரிட்ஜ் உறுமும். அதற்காக யாரும் மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கக் கடைக்குப் போவதில்லை. "வோல்டேஜ் லோ" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு ஸ்டெபிலைசரைத்தான் பார்ப்போம். வீட்டில் இத்தனை தெளிவாக இருக்கிற நாம் காரில் மட்டும் விளக்குக்கு ஒரு பாகம் என்று கணக்குப் போட்டுப் பணத்தைக் கொட்டுகிறோம். அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை முழுக்க முழுக்க மின்சாரத்துக்கே கொடுத்துவிட்டேன்.

கார் பேட்டரி என்பது ஆறு செல்கள் சேர்ந்தது. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆக, முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்டக் காலி. பெயர்தான் 12 வோல்ட் பேட்டரி. 12 வோல்ட் காட்டுகிற பேட்டரி சாகக் கிடக்கிறது என்று பொருள். இதைத் தெரியாமல் "12 காட்டுதே, நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவைக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சில நொடிகளில் நல்ல பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கி ஏறும். நலிந்த பேட்டரியோ 9-க்கும் கீழே சரியும். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி கணினி இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகம் செய்த கேன் என்ற முறையில், முறுக்கிய இரண்டே வயர்கள் வழியாக இவை ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. வோல்டேஜ் சரிந்தவுடன் ஒரு கணினி மயங்கி எழுகிறது. "அவன் பேச்சையே காணோம்" என்று மற்றவை ஆளுக்கொரு புகாரைப் பதிவு செய்துகொள்கின்றன. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் அந்தப் புகார்கள் நினைவில் தங்கி, விளக்குகளாக எரிகின்றன. ஸ்கேனரை மாட்டினால் 'U' என்ற எழுத்தில் தொடங்கும் எரர் கோடுகள் வரிசையாக வரும். தகவல் தொடர்பு அறுந்தது என்பதுதான் அவற்றின் பொருள். அந்த யூனிட் செத்தது என்று அவை சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை அளப்பது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மூன்று அளவுகள் வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஒன்று. இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று ஒன்று, 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். என்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு மூன்றாவது. இது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர், நம் கடைக்காரர்கள் இன்றும் டைனமோ என்று சொல்வது, ஒழுங்காக வேலை செய்கிறது. புதிய மாடல்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் சில சமயம் வேண்டுமென்றே 13-க்கும் கீழே இறங்கி ஓடும். ஹெட்லைட்டைப் போட்டதும் பெரும்பாலும் மேலேறிவிடும். மாறாக 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் நேராக ஸ்கேனரை மாட்டுகிற இடத்தில் வண்டியை விட நான் யோசிப்பேன்.

வெயில் ஊரில் பேட்டரியின் ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. குளிர்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு "ஆறு வருஷம் வரணுமே" என்று வேலூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு எதிர்பார்க்க முடியாது. மூன்று வருடம் தாண்டிவிட்டால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. கோடையில் உள்ளுக்குள் வெந்துபோன பேட்டரி, வைப்பரும் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்து ஓடும் மழைநாளில்தான் காலை வாரும்.

இனி விளக்குகள். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரின் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இன்றைய சின்ன காரில்கூட இருபதுக்கு மேல். இந்தப் படங்களை உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருப்பது ஐஎஸ்ஓ 2575 என்ற தரநிலை. எந்த ஊர் வண்டியில் ஏறினாலும் எண்ணெய்க் கிண்டி படம் எண்ணெயைத்தான் குறிக்கும். நிறத்துக்கும் ஒழுங்கு உண்டு. சிவப்பு என்றால் இப்போதே நிறுத்திப் பார். மஞ்சள் என்றால் ஓட்டலாம், தள்ளிப்போடாதே. பச்சையும் நீலமும் வெறும் தகவல்.

சிவப்பில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஆயில் விளக்கு. அது ஆயிலின் அளவைச் சொல்லவில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் மறைந்து, இரும்பு இரும்போடு உரசும். "பக்கத்து பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டுகிற இரண்டு கிலோமீட்டரில் என்ஜின் முடிந்துவிடலாம். உடனே ஆஃப் செய்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகும் விளக்கு அணையாவிட்டாலும், அளவு சரியாக இருந்தும் எரிந்தாலும், டோ செய்வதுதான் வழி. சென்சார் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும், நம் ஆசை சொல்லக்கூடாது.

டெம்பரேச்சர் விளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைக் கொடுக்காதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பிரேக் ஆயில். பிரேக் பேட் தேயத் தேய அந்த ஆயிலின் மட்டம் இறங்கும் என்பதால், மேலே ஊற்றி விளக்கை அணைப்பது பேட் தேய்ந்த செய்தியை மறைப்பதாகிவிடும். லீக் இருந்தாலும் அப்படித்தான்.

பேட்டரி படம் ஓடும்போது எரிந்தால் பேட்டரி கெட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சார்ஜ் ஏறவில்லை என்பதே அதன் செய்தி. பேட்டரி பாவம், தன் கையிருப்பைக் கொண்டு வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல என்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது; அறுந்திருந்தால் அடுத்த சில நிமிடங்களில் என்ஜின் சூடாகும், நகர்த்தவே கூடாது. பெல்ட் நன்றாக இருந்தால் ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அருகில் உள்ள எலக்ட்ரீஷியன் கடை வரை போகலாம். வழியில் என்ஜினை அணைத்துவிடாதீர்கள், மறுபடி எடுக்காது. இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடுகிறது என்றால் கையிருப்பு வேகமாகக் கரையும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கினால் இனி அதிக தூரம் இல்லை என்று பொருள்.

மஞ்சள் நிற என்ஜின் விளக்குக்கு வருவோம். நிலையாக எரிந்தால் பதற வேண்டாம், இந்த வாரத்துக்குள் பார்த்துவிடலாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய பாகம் அது. பெயரைக் கேட்டாலே விலை புரியும். ஒரு இக்னிஷன் காயிலோ பிளக்கோ மாற்றினால் முடிகிற வேலையை அதுவரை இழுத்துப்போகக்கூடாது. காலை மெதுவாக எடுத்து, ஓரம் கட்டுங்கள்.

இந்த விளக்கு பிறந்ததே புகைக்காகத்தான். வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துப் பதியும் ஓபிடி என்ற முறையின் இரண்டாம் கட்டமான ஓபிடி-2, அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2-வும் வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். அதில் மலிவான புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, போனில் ஆப் போட்டால் என்ஜின் பதிந்துவைத்த கோடுகளை நாமே படித்துவிடலாம். இதுவரை சந்தோஷம். துன்பம் இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கோடு P0171 என்று வருகிறது. கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்பது அதன் பொருள். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தது சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். உடனே அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து விளக்கு மறுபடி எரிகிறது. பார்த்தால், இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் திருட்டுக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. ஹோஸின் விலையை விடச் சென்சாரின் விலை எத்தனை மடங்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புகார் சொன்னவனையே பிடித்து உள்ளே போடுகிற இந்த வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் வேரூன்றிவிட்டது. ஸ்கேனரில் வரும் கோடு எங்கே தேட வேண்டும் என்று ஒரு திசையைக் காட்டும். எதை வாங்க வேண்டும் என்று அது ஒருபோதும் சொல்லாது.

கோடைப் படிக்கும் முன் அழித்துவிடுகிறவர்களையும், பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கிறவர்களையும் அருகில் விடாதீர்கள். பழுது பதிவான நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதைக் கோடோடு சேர்த்துக் கணினி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. துப்புத் துலக்க அதுதான் பெரிய உதவி. அழித்த பிறகு விளக்கும் இருக்காது, துப்பும் இருக்காது. பழுது மட்டும் இருக்கும்.

சின்னப் பாகம் ஒன்று பெரிய வண்டியை எப்படிப் படுத்தும் என்பதற்கு பிரேக் லைட் சுவிட்சை விட நல்ல உதாரணம் இல்லை. பெடலுக்கு மேலே, கட்டை விரல் அளவில் இருக்கும். பழைய வண்டியில் அதன் வேலை பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைப்பது மட்டும்தான். இன்று டிரைவர் பிரேக்கை மிதித்தாரா என்பதை ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், குரூஸ் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர் அத்தனையும் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. அந்தச் சுவிட்ச் தேய்ந்தால் சில மாடல்களில் ஏபிஎஸ்ஸும் சறுக்கல் விளக்கும் சேர்ந்து எரியும். ஆட்டோமேட்டிக் கியர் லீவர் 'P'-யை விட்டு நகராது. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியோ ஒரு சத்தமும் இல்லாமல் கல்லாக நிற்கும். பிரேக்கை மிதித்த செய்தி போய்ச் சேர்ந்தால்தானே அது எடுக்கும்? வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பெடலை மிதித்தால் மூன்று விளக்கும் எரிகிறதா, காலை எடுத்தால் அணைகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமலே டோ வண்டியைக் கூப்பிட்டவர்கள் அநேகம்.

அடுத்து எர்த். நம் நாட்டு வண்டிகளில் விசித்திரமான மின்பழுது எது என்றாலும் முதலில் எர்த்தைப் பார் என்று பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள், அது நூற்றுக்கு நூறு சரியான வார்த்தை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வயர் வழியாகப் போகும் மின்சாரம் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் மைனஸுக்குத் திரும்புகிறது. அந்த இரும்பில் வயரை முடுக்கியிருக்கும் போல்ட் துருப்பிடித்தால் திரும்பும் பாதை அடைபடும். மின்சாரம் சும்மா இருக்காது. வேறு சந்து தேடும். பிரேக்கை மிதித்தால் மீட்டர் வெளிச்சம் மங்கலாக எரியும். இன்டிகேட்டரைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து துடிக்கும். பின் விளக்கின் எர்த் அறுந்து, இரட்டை இழை பல்பின் ஒரு இழை வழியாக மின்சாரம் மறு இழைக்குள் புகுந்து சுற்றி வருவதால் நடக்கும் கூத்து இது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது சர்வ சாதாரணம்.

எர்த்தைச் சோதிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலை எதுவும் நடக்காதபோது அளந்தால், ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். சுமை ஏற்றி அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரிலோ போல்ட்டிலோ கோளாறு. புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர் எல்லாம் போட்டும் "செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்குது" என்கிற வண்டிகளில் பாதி இங்கே அகப்படும். போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக முடுக்கினால் வேலை முடிந்தது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

எலித் தொல்லை பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் எலிக்குச் சூடான என்ஜின் அறை ஒரு சத்திரம். இரவில் வந்து தங்கி, வயரின் தோலைக் கொறித்துவிட்டுப் போகும். சிலர் புகையிலை வைக்கிறார்கள், சிலர் நாப்தலீன் உருண்டை. எனக்கு இரண்டிலும் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்தாமல் இருப்பதும், பக்கத்தில் சோற்றுக்கழிவு, நாய்க்குப் போட்ட உணவு கிடக்காமல் பார்ப்பதும் மேல். விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலையும் புங்க இலையும் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வடியாமல் கேபினுக்குள் இறங்கும். கால் மிதியடிக்கு மேலே இருக்கும் பியூஸ் பாக்ஸும் கணினியும் நனையும். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது அந்த இலைகளை அள்ளிப் போட்டுவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை கண்டது போல வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால், வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மைனஸைக் கழற்றிவிட்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள், வண்டி தன் என்ஜினில் நகரக்கூடாது.

நாமே வலிய வரவழைக்கும் பழுதுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. வண்டி வாங்கிய மறுநாளே ஆக்ஸசரீஸ் கடை. பளீரென்று ஹெட்லைட், கூடுதல் ஹாரன், உள்ளே நீல வெளிச்சம், ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம். கம்பெனி வயரின் தோலைச் சீவி, புது வயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். என்ஜின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி ஒரு வருடத்தில் கழன்றுவிடும். கம்பெனி கொடுக்கும் எச்4 பல்பு 60 வாட். இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர். அந்த இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் ஏறக்குறைய 17 ஆம்பியர். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், சூடு 2.8 மடங்காகிறது. பல்பு தாங்கும், ஹோல்டரும் கப்ளரும் சுவிட்சும் உருகும். ரிலேயும், பேட்டரியிலிருந்து தனி வயரும், அதற்கென்று தனி பியூஸும் இல்லாமல் இதைச் செய்ய விடாதீர்கள். எதிரே வருகிறவரின் கண்ணை நினைத்தால் செய்யவே வேண்டாம் என்பேன்.

பியூஸ் எரிந்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. சிவப்பு பத்து ஆம்பியர், நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. பத்து எரிந்த இடத்தில் கையில் கிடைத்த முப்பதைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகுவதும் ஒன்றுதான்: அடுத்த முறை எரியப்போவது வயர். அதே அளவில் புதிது போட்டு அதுவும் உடனே போனால், அந்த லைனில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. தேடித்தான் ஆக வேண்டும்.

"இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன்" என்கிற வண்டிகளுக்கும் காரணம் பெரும்பாலும் இந்த ஆக்ஸசரிகளே. எல்லாவற்றையும் ஆஃப் செய்து பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம் என்று வண்டி சிறிது குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, 35 மில்லி ஆம்பியர் கசிவுக்குக் கணக்குப்படி ஆயிரம் மணி நேரம் தாங்கும். அதுவே அரை ஆம்பியர் கசிந்தால் 70 மணி நேரம், அதாவது மூன்றாம் நாள் காலி. மீட்டரை ஆம்பியரில் வைத்து, மைனஸ் டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே மாட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கை வைக்கக்கூடாத இடங்கள் இரண்டு. ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் கப்ளரில் இருக்கும். அங்கே மல்டிமீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ கொண்டுபோகவே கூடாது. சீட்டுக்கு அடியில் குடையோ பொம்மையோ இடித்து கப்ளர் தளர்ந்ததால்கூட அந்த விளக்கு எரியலாம், ஆனாலும் சரிசெய்வது பயிற்சி பெற்றவரின் வேலை. விளக்கு எரிகிற வரை விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் கொண்டவை. ஆனால் அந்த வண்டிகளிலும் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழாது என்பதை இவி வாங்கிய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை பாடியில் 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியதிலிருந்து, அந்தத் தொழிற்சாலையின் டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பிரித்து மாட்டியே தொழில் படித்த ஒரு பெரிய எலக்ட்ரீஷியன் கூட்டம் தமிழ்நாட்டில் உருவானது. கார்பன் பிரஷ்ஷை விரலால் தடவி ஆயுளைச் சொல்வார்கள். அவர்களில் பலர் ஸ்கேனரைக் கண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்கேனரோடு வந்த இளைஞர்களில் பலர் டெஸ்ட் லேம்ப்பைத் தொட்டதே இல்லை. இரண்டும் கையில் உள்ள ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள், பாகத்தின் விலையில் அது மிச்சமாகும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விளக்கு எரிந்தால் முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடுவது அதன் குணம். மழையா, வேகத்தடையா, ஏசி போட்டபோதா என்று எப்போது எரிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்ற வேண்டும் என்று சொன்னால், அளந்த வோல்டேஜையும் வந்த கோடையும் எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த வாரமே உங்கள் வண்டியின் மூன்று வோல்டேஜையும் அளந்து, ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த எண்களோடு, பேட்டரி வாங்கிய மாதத்தையும் சேர்த்து நமக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்